மறைதுரு

சென்ற டிசம்பர் விடுமுறையில் யான் ஜவ்வாது மலைமேலுள்ள காவலூருக்குச் சென்றிருந்தேன். காவலூர் என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது ஆங்குள்ள வைணு பாப்பு வானாய்வகமேயாம். கடல் மட்டத்துக்குமேல் எழுநூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1968-ஆம் ஆண்டு சிறு தொலைநோக்கி ஒன்றுடன் தொடங்கிய அந்நிலையத்தில், 2.34 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்துவைக்கப் பெற்றது. இவ்வாறு வானத்தை நோக்கிப் பெயர்பெற்ற ஊரிலே யான் கற்ற பாடமோ, தரையை நோக்கிக் குனிந்து ஒரு மோட்டார் வண்டியின் அடிவயிற்றைக் கண்டு கற்ற பாடமாகும்.

ஆங்கு என் தாய்மாமன் வசிக்கின்றார். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பட்டினம் ஒன்றிற் பல்லாண்டு ஓடிய பழைய மோட்டார் வண்டி ஒன்றை எட்டு ஆண்டுகளுக்குமுன் அவர் விலைக்கு வாங்கினார். பெயரளவில் அது அவருடைய வண்டியேயாயினும், உண்மையில் ஊர்ப்பொது என்றே சொல்லலாம். நள்ளிரவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், காட்டு வழியில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலும், மாமாவின் கதவையே தட்டுவர். வண்டி ஆலங்காயத்து மருத்துவமனையை நோக்கி மலை இறங்கும். அவ்வண்டிக்கு அதற்கு முந்திய ஆண்டுதான் புதுவண்ணம் பூசப்பெற்றிருந்தது. பார்ப்பவர் அதனைப் புதுவண்டி என்றே கருதுவர்.

பண்டிகைக்கு இரண்டு நாட்களுக்குமுன் யாங்கள் ஆலங்காயம் சென்று மீள்கையில், மலைப்பாதையின் வளைவொன்றிற் பின்சக்கரத்தின் காற்று இறங்கிவிட்டது. யான் ஜாக்கியைக் கதவின் அடிவிளிம்பின் கீழ் வைத்துச் சுழற்றினேன். வண்டி நான்கு விரற்கடை உயர்ந்தது. பின்னர் உலர்ந்த சருகு நொறுங்குவது போன்ற ஓசை எழுந்தது. அதற்குமேல் வண்டி உயரவில்லை; ஜாக்கியே வண்டிக்குள் ஏறிற்று. பளபளக்கும் வண்ணத்தைக் கிழித்துக்கொண்டு அதன் தலை உட்புக, கைப்பிடியளவு செம்பொடி என் காலடியிற் கொட்டியது. சக்கரத்தை இன்னும் கழற்றாதிருந்தமையால் வண்டி அதன்மேலேயே அமர்ந்தது. கழற்றியிருப்பின், அடியிலே நீட்டிய என் கை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணுந்தோறும் இன்றும் உடல் நடுங்குகின்றது.

மாமா அப்பொடியை விரல்நுனியில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இந்த வண்டியிலா தம்பி, இத்தனை நாளும் ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினேன்!" என்றார், வேறொன்றும் பேசிலர்.

வெளியே மாசுமறுவற்ற வண்டி உள்ளே எங்ஙனம் பொடியாயிற்று? கடற்காற்று எட்டாத மலைமேல் துரு எங்கிருந்து வந்தது? இவ்வினாக்கள் என்னை விட்டு நீங்கவில்லை. விடுமுறையில் எஞ்சிய நாட்களில் ஆலங்காயத்து டிங்கர் வேலைக்காரரான முதியவர் ஒருவர்க்குக் கையாளாக நின்றும், கல்லூரிக்கு மீண்டபின் இரசாயன நூல்களைப் புரட்டியும் யான் அறிந்தவற்றை அன்பர்கள்முன் வைக்கத் துணிகின்றேன். நோயையும், நோயின் காரணத்தையும், அது தணியும் வழியையும் முறையே ஆராய்க என்று மருத்துவனுக்கு இலக்கணம் வகுத்தார் திருவள்ளுவர். இலக்கியம் பயிலும் மாணாக்கனாகிய யான், அவ்வொழுங்கைச் சற்றே மாற்றிக் காரணத்தை முதலிற் கூறுவேன்.

துரு என்பது யாது?

இரும்பின் செந்நிறக் கறையைத் துரு என்றும், செம்பின் பச்சைக் கறையைக் களிம்பு என்றும் நம் மொழி பிரித்து வழங்குகின்றது. ஈழத்துத் தமிழர் துருவினைக் கறள் என்பர். இரும்பு நிலத்திற் பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிய கல்லாகவே கிடைக்கின்றது. உலைக்களத்திற் கரியும் நெருப்புங் கொண்டு அவ்வாயுவைப் பிரித்தபின்னரே இரும்பு நம் கைக்கு வருகின்றது. ஆகவே துருப்பிடித்தலாவது, நாம் வலிந்து பிரித்த உறவை இரும்பு மீண்டும் நாடித் தன் பழைய நிலைக்குத் திரும்புதலேயாம்.

அதற்கு வேண்டுவன இரண்டு: நீர் ஒன்று, காற்றிலுள்ள பிராணவாயு மற்றொன்று. இரண்டில் ஒன்று இல்லையாயினும் சாதாரண நிலையில் துரு இல்லை. மழை பெய்தல்தான் வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தால், கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின்மேற் படிந்து அவ்வேலையைத் தொடங்கிவிடும். கார்காலத்து மலைப்பனியில் நனையும் காவலூருக்கு இவ்வீரம் அரிதன்று.

உலோகங்கள் பலவும் காற்றொடு கூடிக் கறைபெறுவனவே. ஆயினும் எல்லாக் கறையும் ஒருதன்மையன அல்ல. காவலூர்ப் பெருந்தொலைநோக்கியின் ஆடி, கண்ணாடியின்மேல் அலுமினியத்தை மிக மெல்லிதாகப் பூசி ஒளிபெறச் செய்யப்பட்டது. அலுமினியமும் பிராணவாயுவோடு கூடும். ஆனால் அதனால் விளையும் படலம் நெருக்கமாய் ஒட்டி நின்று, கீழுள்ள உலோகத்துக்குத் தானே கவசமாகும். துருவோ நுண்துளைகள் மலிந்தது. செதிள் செதிளாக உதிர்வது. ஈரத்தை உறிஞ்சித் தன்னகத்தே வைத்துக்கொள்வது. அது காவல் புரியாத காவற்காரன். அன்றியும், தான் அழித்த இரும்பினும் பன்மடங்கு இடத்தை அஃது அடைத்துக்கொள்ளும். வண்டியின் வண்ணத்திற் கொப்புளம் எழுவது இவ்வீக்கத்தாலேயே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எவன்ஸ் என்னும் அறிஞர் 1920-களில் ஓர் எளிய சோதனை செய்தார். இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்தார். துளியின் விளிம்பிற் காற்று எளிதிற் கலக்கும். நடுவிலோ காற்று குறைவு. காற்று மிகுந்த விளிம்பே முதலில் அழியும் என்று நாம் கருதுவோம். நிகழ்ந்தது அதற்கு மாறானது. காற்றுக் குறைந்த நடுவிடமே கரைந்து அழிந்தது, விளிம்பு காக்கப்பட்டது. இரும்புக்குள் ஒரு நுண்ணிய மின்னோட்டம் பிறந்து, காற்றோட்டமுள்ள இடத்தைக் காத்து, காற்றற்ற இடத்தைப் பலிகொடுக்கின்றது.

அன்பர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்குக. சேற்றின் அடியில், விரிப்பின் கீழ், இரு தகடுகள் ஒட்டும் இடுக்கில், வண்ணத்தின் வெடிப்புக்குள், எங்கெங்கு ஈரம் தங்கிக் காற்றுக் குறைகின்றதோ அங்கங்கே துரு விரைந்து தின்னும். துரு மறைவிடத்தில் தற்செயலாக இருக்கின்றதன்று; அவ்விடம் மறைந்திருத்தலினாலேயே அங்கு வளர்கின்றது. இவ்வொன்றை அறிந்தால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

உப்பு இவ்வழிவை விரைவுபடுத்தும். நீரில் மின்சாரம் எளிதிற் பாய உதவுவதும், காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்வதும் அதன் இயல்பு. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் இரயிற்பாலம் நூறாண்டுக்கு மேலாகக் கடற்காற்றோடு போராடியது. கப்பலுக்கு வழிவிடும் அதன் தூக்குப் பகுதி துருவால் நலிந்தமையின் 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அருகே எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிமானம் இன்றும் ஒரு முதன்மையான ஆராய்ச்சிப் பொருளாக விளங்குகின்றது.

எங்கள் வண்டியின் புதிரும் இங்கே அவிழ்ந்தது. அது கடற்கரையில் ஓடிய காலத்திலேயே உப்பு அதன் உட்குழாய்களிற் புகுந்துவிட்டது. வண்டி மலையேறியபோது உப்பும் உடன் ஏறியது. மலைப்பனி அதற்கு வேண்டிய நீரைக் கொடுத்தது. சென்ற ஆண்டு பூசிய வண்ணம் அதனைக் கண்ணுக்கு மறைத்தது.

துரு ஒளிந்திருக்கும் இடங்கள்

பழைய லாரிகளிலும் பஸ்களிலும் உடல் வேறு, அதனைத் தாங்கும் இரும்புச் சட்டம் வேறு. கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோ அதனினும் குறைவோ கனமுள்ள தகடுகளை மடித்துப் பெட்டிபோல் இணைத்த உடலே சுமையைத் தாங்குகின்றது. ஆதலின் துரு வெறும் அழகுக் குறைவன்று. எலும்பை அரிக்கும் நோயாகும்.

அம்முதியவர் காட்டிய இடங்களை வரிசையாகக் கூறுவேன். முதலாவது, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டத்தில் ஓடும் அடிப்பெட்டி. இரண்டாவது, சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவின் உட்புறம். சக்கரம் வாரி இறைக்கும் சேறு அங்கே அப்பிக்கொள்ளும். மூன்றாவது, கதவின் உள்ளடி. சன்னற் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறுதற்குக் கதவின் அடியிற் சிறு துளைகள் உண்டு. புழுதி அடைத்துவிட்டால் கதவே நீர்த்தொட்டியாகும். நான்காவது, காலடி விரிப்பின் கீழுள்ள தரைத்தகடு. ஐந்தாவது, டிக்கியில் மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழி. ஆறாவது, பாட்டரியைத் தாங்கும் தட்டு. அங்கே ஈரத்தோடு அமிலமும் சேரும். ஏழாவது, முன் பின் கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பரின் அடி. எட்டாவதாக ஒன்றைத் தனியே கூறினார்: "முன்னே யாராவது பட்டி பார்த்த இடம் இருந்தால், அதை முதலில் சந்தேகப்படு தம்பி."

கண்டறியும் வகை

முதற்கண் வண்டியை நன்கு கழுவி, சக்கர வளைவுகளின் சேற்றை முற்றும் நீக்கி, ஒரு நாள் முழுதும் வெயிலில் உலரவிடல் வேண்டும். அழுக்கின்மேல் நோயைத் தேடுதல் வீண். பின்னர், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், தகட்டை நேரே நோக்காமல் பக்கவாட்டிலே கண்ணை வைத்து நோக்குக. நேரே பார்க்கும்போது தெரியாத சிறு கொப்புளங்கள் சாய்வாகப் பார்க்கும்போது மேடாகத் தோன்றும். கதவின் அடிவிளிம்பையும் சக்கர வளைவின் உதட்டையும் விரல் நுனியால் தடவுக. வண்ணத்தின் கீழே மணல் இருப்பதுபோன்ற சொரசொரப்புத் தட்டினால் ஐயுறுக. இணைப்பிலிருந்து பழுப்பு நீர் வழிந்த கோடு காணப்பட்டால், அதன் ஊற்று மேலே எங்கோ உள்ளது எனத் தெளிக.

அடுத்தது செவிச்சோதனை. திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே செல்லுக. நல்ல தகடு கணீரென ஒலிக்கும். துரு தின்றதும் பட்டி அப்பியதும் மண்பானைபோல் மந்தமாய் ஒலிக்கும். குயவர் பானையையும் தச்சர் மரத்தையும் தட்டிப் பார்த்தல் போன்றதே இதுவும்.

மூன்றாவது காந்தச் சோதனை. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியிற் சுற்றி, வண்ணம் கீறாதபடி தகட்டின்மேல் நகர்த்துக. நல்ல இரும்பில் இறுகப் பற்றும். பட்டி கனமாக இருக்கும் இடத்திற் பிடி தளரும், அல்லது விழுந்துவிடும். சில வண்டிகளிற் சில பகுதிகள் அலுமினியத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனவையாதலின், காந்தம் பற்றாத இடமெல்லாம் பட்டி என்று முடிவுசெய்தல் கூடாது. மறுபக்கத்து அதேயிடத்தையும் சோதித்து ஒப்புநோக்குக. எங்கள் வண்டியில் இடப்பக்கத்து அடிப்பெட்டி நெடுகக் காந்தம் பற்றியது. வலப்பக்கத்தில் இரண்டு சாண் தூரம் அது பற்றவேயில்லை. சென்ற ஆண்டு புதுவண்ணம் பூசியவர் துருவை நீக்காமல் அதன்மேற் பட்டியை அப்பி மூடியிருந்தார் என்பது அப்போதுதான் வெளியாயிற்று.

நான்காவது, உள்ளே புகுந்து காணல். விரிப்புகளைத் தூக்குக, அடியில் ஈரவாடை வீசினால் நீர் புகும் வழியைத் தேடுக. கதவடித் துளைகளைச் சிறு குச்சியால் துழாவுக. கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் கொண்டு, கண் எட்டாத மூலைகளையும் காணலாம். ஐயுற்ற இடத்தைத் திருப்புளியின் முனையால் உறுதியாக அழுத்துக. தாங்கினால் மேல்துரு, உட்புகுந்தால் தகடு போய்விட்டது எனக் கொள்க.

ஓர் எச்சரிக்கை. அடிப்பகுதியைக் காண வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் கீழே புகுதல் ஆகாது. சமதரையில் நிறுத்தி, எஞ்சிய சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான முட்டுத்தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்திய பின்னரே குனிதல் வேண்டும். இதனை யான் நூலிற் படித்துக் கூறவில்லை.

தீர்க்கும் வகை

மறைதுருவை மூன்று நிலையாகப் பிரிக்கலாம்: தகட்டின் மேற்பரப்பில் மட்டும் படிந்தது ஒன்று, குழிகுழியாக அரித்தது ஒன்று, துளைத்தே போனது ஒன்று. மருந்து நிலைக்கேற்ப மாறும்.

முதல் இரு நிலைகளுக்கும் தொடக்கம் ஒன்றே: திறத்தல். கொப்புளம் ஒரு நெல்லளவு இருப்பினும், அதனைச் சுற்றி நல்ல தகடு தோன்றுமளவும் வண்ணத்தைச் சுரண்டுக. துரு எப்பொழுதும் வெளியே தெரிவதினும் அகலமாகவே கீழே பரவியிருக்கும். பின் கம்பித்தூரிகையால் உதிரும் செதிளையெல்லாம் நீக்கி, 80-ஆம் எண் உப்புத்தாளால் வெள்ளிபோல் மின்னும் இரும்பு தோன்றும்வரை தேய்க்கவேண்டும். அடுத்து 120, 240 என எண்ணை உயர்த்தி, வண்ணத்தின் விளிம்பு படிபோல் நில்லாமல் சரிவாக இழையச் செய்க. கண்ணுக்கும் மூக்குக்கும் காப்பு அணிதல் இன்றியமையாதது. மிகப் பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலின், அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூசியைச் சுவாசித்தல் தீது. நீர் தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துக.

குழிகளின் அடியில் தேய்ப்புக்கு அகப்படாத துரு சிறிது எஞ்சும். அதற்கே இரசாயனத்தின் உதவி வேண்டும். ஒன்று பாஸ்பாரிக் அமிலம். அது துருவைக் கரைத்து, இரும்பின்மேல் இரும்புப் பாஸ்பேட் என்னும் திண்ணிய படலத்தை உண்டாக்கும். டில்லியில் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர்ப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், அவ்விரும்பிற் பாஸ்பரஸ் மிகுந்திருத்தலையும், அதனால் அதன்மேல் ஒரு பாஸ்பேட் படலம் அமைந்து காத்தலையும் எடுத்துக்காட்டினார். பழங்கொல்லர் இரும்பில் இயல்பாக அமைந்த காப்பினையே இன்றைய மருந்துப் புட்டி வேறு வகையால் தேடித் தருகின்றது.

மற்றொன்று டானிக் அமிலம், அதாவது துவர்ப்பொருள். அது துருவோடு கூடி நீலங்கலந்த கருநிறப் பொருளாக அதனை மாற்றி அசையாது நிறுத்தும். அம்முதியவர் செந்துருவின்மேல் அம்மருந்தைத் தடவ, அது கண்முன்னே கறுத்ததைக் கண்டு யான் வியந்தேன். அருகே நின்ற மாமா நகைத்து, "இதில் வியப்பென்ன? நம் மலைக் கடுக்காயின் துவர்ப்பும் இதே சரக்குத்தான்" என்றார். ஜவ்வாது மலையிற் பொறுக்கும் கடுக்காயின் துவரைக் கொண்டே தோல் பதனிடுதலும், இரும்புச் சத்தைக் கூட்டிக் கருமை காய்ச்சுதலும் பண்டுதொட்டு வழங்கி வருகின்றன. தாளில் எழுத்தைக் கறுப்பாக நிறுத்திய வினையே இங்கே துருவை நிறுத்துகின்றது. ஆயினும் கடுக்காய்க் கஷாயத்தை வண்டிக்குத் தடவுக என்று யான் கூறவில்லை. அளவறிந்து செய்த மருந்தையே, புட்டியில் உள்ள முறைப்படி, கையுறையும் கண்காப்பும் அணிந்து பயன்படுத்துக. உதிர்துருவின்மேல் தடவினால் அது செதிளோடு சேர்ந்து உதிர்ந்துவிடும்.

மருந்து காய்ந்தபின் காலந்தாழ்த்தாது பிரைமர் பூசவேண்டும். மின்னும் இரும்பை ஓர் இரவு பனியில் விட்டால் விடிவதற்குள் மீண்டும் சிவக்கும். வெறுங்கையால் தொடுதலுங்கூடாது; வியர்வையிலும் உப்புண்டு. காவலூர்ப் பனி விலகி வெயில் ஏறும்வரை, பகல் பதினொரு மணியளவும் முதியவர் தூரிகையைத் தொடவேயில்லை. முதலில் எப்பாக்ஸி பிரைமர்; அது காய்ந்தபின் பள்ளம் இருக்குமாயின் மெல்லிதாகப் பட்டி; அதனைத் தேய்த்து மீண்டும் பிரைமர்; பின்னர் மெல்லிய பூச்சுகளாக வண்ணம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. துருவின்மேல் அதனை அப்புதல் புண்ணின்மேல் நனைந்த துணியைக் கட்டுதல் போலாம்.

மூன்றாம் நிலையாகிய துளைத்த தகட்டுக்கு எம்மருந்தும் இல்லை. நல்ல இரும்பு காணுமளவும் வெட்டி எறிந்து, புதுத்தகடு வெட்டிப் பற்றவைத்தலே வழி. அடிப்பெட்டி, தரைத்தகடு, இருக்கைப்பட்டை கோக்கும் இடம் ஆகியவை உயிர்காக்கும் உறுப்புகளாதலின், தேர்ந்த கையே அவற்றைத் தொடவேண்டும். பற்றவைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, விரிப்புகளை அகற்றி, பெட்ரோல் தொட்டியும் குழாயும் நெருப்புக்கு எட்டாவாறு காத்து, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இந்நிலையில்தான் எங்கள் வீட்டில் ஒரு வாதம் எழுந்தது. வெட்டி ஒட்டும் செலவு வண்டியின் விலையிற் பெரும்பங்கை விழுங்கும் எனத் தெரிந்தது. உறவினர் ஒருவர், "மேலே கொஞ்சம் பட்டி வைத்து, வண்ணம் அடித்து, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், வாங்குகிறவன் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். மாமா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "நமக்கும் ஒருவர் அப்படித்தான் மூடிக் கொடுத்தார். வாங்குகிறவனுக்கும் பிள்ளைகள் இருக்கும் அல்லவா?" என்றார். மறுநாள் காலை வண்டி வெட்டப்பட்டது. வலப்பக்கத்து அடிப்பெட்டி முழுவதும், காலடித் தகட்டில் ஒரு முழமும் புதிதாயின.

வாராமற் காத்தல்

தீர்த்த நோய் திரும்பாதிருக்க வேண்டுவன சிலவே. பெட்டிபோன்ற உட்குழிகளில் மெழுகு மருந்தை நீண்ட குழல் வழியே தெளித்தல் நலம். அஃது இணைப்பிடுக்குகளில் ஊர்ந்து சென்று ஈரத்தை விலக்கும். பழைய எஞ்சின் எண்ணெயைத் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ரப்பரைக் கெடுக்கும், நிலத்திற் சொட்டி மண்ணையும் நீரையும் மாசாக்கும். நீர் வடியும் துளைகளை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் துழாவுக. மருந்து தெளிக்கும்போதும் அவை அடைபடாது பார்த்துக்கொள்க. கடற்கரை சென்று மீண்டால் அடிப்பகுதியை நன்னீரால் அலசுக. நனைந்த விரிப்பை வண்டிக்குள் விடாதீர். கல் தெறித்து வண்ணம் பெயர்ந்த இடத்தை அன்றன்றே தொட்டு மூடுக.

இக்காலப் புதுவண்டிகளிற் பலவற்றின் தகடுகள் துத்தநாகம் பூசப்பெற்றவை. துத்தநாகம் இரும்பைச் சூழ்ந்து காப்பதோடு, கீறல் விழுந்தவிடத்து இரும்புக்கு முன்னே தான் கரைந்து அதனைக் காக்கும். ஓர் உலோகம் மற்றோர் உலோகத்துக்காக அழிந்து காக்கும் இத்தத்துவத்தை, 1824-ல் கப்பலடியின் செப்புத்தகட்டைக் காக்க முயன்ற ஹம்ப்ரி டேவி விளக்கிக் காட்டினார். ஆயினும் துத்தநாகமும் ஒருநாள் தீரும். ஆதலின் புதுவண்டி உடையாரும் ஆண்டுக்கொருமுறை குனிந்து பார்த்தல் நன்று.

முடிவுரை

மண்ணுலகிற் சேர்த்துவைக்கும் பொருளைக் கெடுக்கும் பகைவருள் ஒன்றாகத் துருவை மலைப்பிரசங்கத்திற் கேட்டு வளர்ந்தவன் யான். அதனை இத்துணை அருகிற் கண்டது காவலூரிலேயே. ஈரமும் காற்றும் உள்ளவரை இரும்பு துருப்பிடிக்கும். அது குற்றமன்று, இரும்பின் இயல்பு. கண்டபின்னும் அதனைத் திறவாது வண்ணம் பூசி மூடுதலே குற்றம். மூடிய இடத்திலேதான் அது விரைந்து வளர்கின்றது என்பது உவமையன்று. எவன்ஸ் ஒரு துளி நீரிற் காட்டிய உண்மை.

யான் கல்லூரிக்குத் திரும்பும் நாளுக்கு முந்திய இரவு, யாரோ மாமாவின் கதவைத் தட்டினர். ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. வண்டியின் வலப்பக்கம் இன்னும் வண்ணம் பெறாமல் சாம்பல்நிறப் பிரைமருடனேயே நின்றது. மாமா கைவிளக்கை எடுத்துக் கதவின் அடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். கணீரென ஒலித்தது. பின்பு அவர் வண்டியைக் கிளப்பினார்.